ஞாயிற்றுக்கிழமை ஆறு தூங்கும் என்று நம்பிப் போன கர்ஜத் பயணம்

ஹோலி முடிந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நான்கு பேர் கர்ஜத் பக்கம் ஆற்றுக்குப் போய்வந்தோம். அப்பாவுக்குத் தூண்டில் போட ஆசை. ஹமீது மாமாவுக்குப் பட்டறைப் புகையைவிட்டு ஒரு நாளாவது வெளியே இருக்க ஆசை. கோமதிக்கு நீந்த ஆசை. எனக்கு லாரி ட்யூபில் உட்கார்ந்து மிதக்க ஆசை. நால்வரில் மூன்று பேருடைய ஆசை நிறைவேறியது. மிச்சம் ஒருத்தி யார் என்பது போகப் போகத் தெரியும்.

நம் கையெழுத்துப் பத்திரிகையைப் படிக்கும் தோழிகள் சிலர், பரீட்சை முடிந்ததும் குடும்பத்தோடு அங்கே போக வேண்டும் என்று வழி கேட்டிருக்கிறார்கள். வழி சொல்வது சுலபம். எந்த நாளில், எந்த நேரத்தில் ஆற்றில் இறங்கலாம் என்பதுதான் கஷ்டம். அதைத் தெரிந்துகொள்ள நாங்கள் கொடுத்த விலையை நீங்களும் கொடுக்க வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் எங்களைப் பற்றி. அப்பா தாராவியில் ஒரு தோல் கிடங்கில் கணக்கு எழுதுகிறார். ஹமீது மாமா அதற்கு எதிரே தோல் பெட்டி செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். இருவருக்கும் ஊர் திருநெல்வேலிப் பக்கம். மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக்கு அவர் வந்தால் பேச்சு கடைசியில் மீனில்தான் போய் முடியும். கோமதி என் அத்தை மகள், என் வயது. ஸ்ரீவைகுண்டத்தில் அணைக்கட்டுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள். பள்ளியில் சேர்ப்பதற்காகப் போன வருஷம் இங்கே எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்த புதிதில் டிராமில் ஏறவே அவளுக்குப் பயம். நான்தான் கையைப் பிடித்து ஏற்றினேன். கடைக்காரரிடம் பேச இந்தி சொல்லிக் கொடுத்ததும் நான்தான். அப்போது எனக்கு அவளை மிகவும் பிடித்திருந்தது.

பிறகு எப்படியோ ஆறு என்ற பேச்சு வந்தது. அணைக்கட்டுச் சுவரிலிருந்து தலைகீழாகக் குதித்ததை அவள் சொன்னால் அப்பா சாப்பாட்டை மறந்து கேட்பார். நான் பூகோளத்தில் வகுப்பிலேயே முதலாவதாக வந்ததைச் சொன்னபோது, "ம், நல்லது" என்று சொல்லிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டார்.

இனி ஆற்றின் சமாசாரம். கர்ஜத்துக்குக் கிழக்கே மலைமேல் அணை கட்டி நீரைத் தேக்கியிருக்கிறார்கள். அந்த நீர் பெரிய குழாய்களில் இறங்கி, அடிவாரத்துப் பவர் ஹவுஸில் சக்கரங்களைச் சுற்றி மின்சாரம் உண்டாக்குகிறது. வேலை முடிந்த நீர் ஆற்றில் விடப்படுகிறது. ஆகையால் மற்ற ஆறுகள் காய்ந்து கிடக்கும் மாதத்திலும் இதில் நீர் ஓடுகிறது. ஆனால் எவ்வளவு ஓடும் என்பதை மழை தீர்மானிப்பதில்லை. பம்பாயில் எவ்வளவு மின்சாரம் செலவாகிறதோ அதற்குத் தக்கபடி ஆறு ஏறும், இறங்கும். பரேலில் ஆலைகள் ஓடும் நாளில் ஆறு நிறைந்து போகும். ஆலைகளுக்கு ஓய்வான ஞாயிற்றுக்கிழமையில், சாயங்காலம் வீடுகளில் விளக்குப் போடும் வரைக்கும் அது முழங்கால் அளவுதான். இதை ஏற்கெனவே இரண்டு முறை அங்கே போய்வந்த ஹமீது மாமா சொன்னார். காரணத்தைப் பூகோள ஆசிரியையிடம் கேட்டுத் தெளிந்தவள் நான். எந்த ரயில், எப்போது இறங்குவது, எப்போது கரையேறுவது என்று திட்டம் போட்டவளும் நானே. கோமதி அதற்கு ஒரு துரும்பையும் அசைக்கவில்லை.

ட்யூப், யுத்தம் முடிந்து பட்டாளத்தார் கழித்துப்போட்ட லாரி ட்யூப். சோர் பஜாரில் மூன்றரை ரூபாய்க்கு வாங்கி, ஹமீது மாமா இரண்டு ஓட்டைகளை ஒட்டிக் கொடுத்தார். ஒரே ட்யூப். எனக்கும் கோமதிக்கும் எப்படிப் பங்கு என்பதை முதல் நாள் இரவே அம்மா முன்னால் பேசினோம்.

"வடிவுக்கு நீச்சல் தெரியாது. அவ ஆத்துல எறங்கவே வேண்டாம்" என்றாள் அம்மா, என்னைக் காட்டி.

"கயித்தக் கட்டி நான் புடிச்சுக்கிடுதேன். சும்மா பத்தடி மெதக்கட்டுமே" என்றார் அப்பா.

"அப்ப கோமதி மொதல்ல போயிப் பாக்கட்டும். பத்து மணிக்கு மேல இவ."

எனக்குப் பத்து மணி. திட்டம் போட்டவளுக்குப் பத்து மணி, துரும்பை அசைக்காதவளுக்கு எட்டரை. சரி என்று ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் இருட்டிலேயே எழுந்து, புளிச்சோற்றுப் பொட்டலமும் தூண்டில்களுமாகத் தாதருக்கு நடந்தோம். பாதி வழியில் ஆலைச் சங்கு ஊதியது. "பாத்தியா, சரியா அஞ்சு" என்று அப்பா தெருவிளக்கடியில் நின்று கைக்கடிகாரத்தின் முள்ளைத் திருப்பினார். அது தினமும் நாலைந்து நிமிஷம் பின்தங்கும். திருப்பி முடித்து அதை என் கையில் கட்டிவிட்டார், அன்றைய நேரப் பொறுப்பு என்னுடையது என்பதால். கோமதி ட்யூபைக் கழுத்தில் மாலைபோல் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.

தாதரில் ஹமீது மாமா வந்து சேர்ந்துகொண்டார். ஐந்தரைக்குள் வண்டி. மூன்றாம் வகுப்புக் கட்டணம் ஒரு வழிக்குப் பதினைந்தணா. கல்யாண் வரை பால்காரர்களின் காலி கேன்கள் மேல்தான் உட்கார வேண்டும். அதற்குப் பிறகு இடம் கிடைக்கும். இடது பக்கம் உட்கார்ந்தால் மலை நன்றாகத் தெரியும். நான் இடது பக்கம்தான் பிடித்தேன். "மாமா, அந்த மல எம்புட்டு ஒசரம்!" என்று கோமதி எட்டிப் பார்த்ததும் அப்பா என்னை நகரச் சொன்னார்.

கர்ஜத்தில் ஏழரைக்கு இறங்கினோம். ஸ்டேஷன் வாசலில் டாங்காக்காரர் ஒருவர் மூன்று மைலுக்கு, போகவர, இரண்டு ரூபாய் கேட்டார். ஹமீது மாமா ஒன்றே முக்காலுக்குப் பேசி முடித்தார். இன்று ஆற்றில் தண்ணீர் எப்படி என்று கேட்டதற்கு டாங்காக்காரர் சாட்டையை ஆட்டிச் சிரித்தார்.

"ஆஜ் இத்வார் ஹை, சேட். நதி சோத்தி ஹை."

ஞாயிற்றுக்கிழமை நதி தூங்கும் என்கிறார். என் திட்டத்துக்கு உள்ளூர்க்காரரின் சாட்சியும் கிடைத்ததில் எனக்குப் பெருமை. அதைச் சொல்லிக்காட்டக் கோமதியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் குதிரையின் காதுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டேகாலுக்கு ஆற்றங்கரையில் இருந்தோம். அழகான இடம். கரையில் நாவல் மரங்கள், நடுவே கறுப்புப் பாறைகள், அவற்றைச் சுற்றி ஓடும் கண்ணாடி நீர். கரைக்கு முப்பது அடி தள்ளி, எங்கள் வீட்டு அறை அளவுக்குத் தட்டையான ஒரு பாறை இருந்தது. மற்ற உயரமான பாறைகளில் எல்லாம் என் இடுப்பு உயரத்தில் ஒரு பச்சைக் கோடு. அதற்குக் கீழே பாசி, அதற்கு மேலே வெள்ளையாகக் காய்ந்த கல். அது என்ன என்று கேட்டேன்.

"வேல நாள்ல தண்ணி அம்புட்டுக்கு வரும் புள்ள. இன்னைக்கு வராது" என்றார் ஹமீது மாமா.

அவரும் அப்பாவும் கீழே நாற்பதடி தள்ளிக் கெண்டை கிடைக்கும் மடுவுக்குப் போய்த் தூண்டிலைப் போட்டார்கள். கோமதி பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு ட்யூபோடு இறங்கினாள். அவளுக்கு நீச்சல் தெரியும் என்பதால் கயிறு வேண்டாம் என்றாள். கயிற்றுச் சுருளும் நானும் கரையில் இருந்தோம்.

அடுத்த ஒன்றேகால் மணி நேரத்தைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் பயணக் கட்டுரை என்றால் பார்த்ததை எழுத வேண்டும். கோமதி மல்லாந்து மிதந்தாள். குப்புற மிதந்தாள். ட்யூபின் ஓட்டைக்குள்ளிருந்து கைகால்களை மட்டும் நீட்டி ஆமை போல் வந்தாள். ஒரு முறை அப்பாவின் தக்கைக்குப் பக்கமே போய் நீரை அடித்தாள். நான் அப்படிச் செய்திருந்தால் திட்டியிருப்பார். அவர் சிரித்து, "ஏட்டி, மீனெல்லாம் ஒன்னயப் பாத்து ஓடுது" என்றார். நான் கரையிலிருந்து, "எட்டே முக்கால்!" என்று கத்தினேன். பிறகு, "ஒம்போது!" பிறகு, "ஒம்போதே கால்!"

"ரேடியோவ நிறுத்துட்டி!" என்று கோமதி கத்தினாள்.

ஒன்பதரைக்கு அவள் ட்யூபை அந்தத் தட்டைப் பாறைமேல் இழுத்துப் போட்டு, அதில் சாய்ந்து, விளிம்பில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டாள். ட்யூப் அவளுக்கு நாற்காலியாகிவிட்டது. மிதக்கவில்லை, சும்மா வைத்திருக்கிறாள்! மிதக்காதபோதாவது என்னிடம் கொடுத்தால் என்ன? நான் வைத்த கண் வாங்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கால்விரல் நுனிகள் நீரைத் தொட்டும் தொடாமலும் இருந்தன. பெருவிரலால் நீரைக் கீறிக்கொண்டிருந்தாள். அந்தப் பெருவிரலைக்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் விரல்கள் தெரியவில்லை. பிறகு கணுக்கால் தெரியவில்லை. அவள் இறங்கி உட்காரவில்லை. சாய்ந்தது சாய்ந்தபடியே இருந்தாள். பாறைக்கும் கரைக்கும் நடுவில் சருகுகள் கூட்டமாக வந்தன, நுரையோடு. என் செருப்பை நான் நீருக்கு ஒரு முழம் தள்ளித்தான் கழற்றி வைத்திருந்தேன். திரும்பிப் பார்த்தால் ஒன்று மிதந்து போகிறது.

பாறைகளில் இருந்த பச்சைக் கோட்டைப் பார்த்தேன். துள்ளி எழுந்தேன்.

"கோமதி! தண்ணி ஏறுது! வா கரைக்கு!"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பத்து மணி ஆகலட்டி, கள்ளி! இன்னும் கா மணி இருக்கு!"

"நெசமாவே ஏறுது! ஒன் கால பாரு!"

"மழ பேஞ்சிருக்கா? எங்க அணைக்கட்டுல நான் பாக்காத வெள்ளமா? வெள்ளம்னா செவப்பால்லா வரும். இது பன்னீர் மாதிரி இருக்கு."

அதுதான் தோழிகளே, இந்த ஆற்றின் சூது. மழை வெள்ளம் சேற்றோடு, சத்தத்தோடு வரும். இது தேக்கத்திலிருந்து வரும் நீர். கலங்காமல், இரையாமல் ஏறுகிறது. கோமதிக்குத் தெரிந்த ஆறு வேறு.

நான் அப்பாவைக் கூப்பிட்டேன். "அப்பா! கோமதிய வரச் சொல்லுங்க!"

மடுவிலிருந்து அப்பாவின் குரல் வந்தது, சலிப்போடு. "அவளச் சும்மா விடுட்டி. ஒன் நேரம் வரும். காலைலருந்து இதே பாட்டு."

ஹமீது மாமா சிரித்ததும் கேட்டது. அவர்கள் உட்கார்ந்திருந்தது உயரமான பாறை. மடுவின் நீர் ஏறியது அவர்கள் கண்ணில் படவில்லை. காலையிலிருந்து நான் கத்தியதெல்லாம் ட்யூபுக்காக. இதுவும் அப்படித்தான் என்று மூன்று பேரும் நினைத்துவிட்டார்கள். நான் "ஆபத்து" என்று கத்தினாலும் அவர்கள் காதில் "என் ட்யூப்" என்றுதான் விழும் என்று அந்த நிமிஷத்தில் எனக்குப் புரிந்தது. இனி சொல்லக்கூடியது ஒன்றுதான் இருந்தது.

"எனக்கு ட்யூப் வேண்டாம்!" என்று கத்தினேன். "நெசமா வேண்டாம்! இன்னைக்குப் பூரா நீயே வச்சுக்க! எப்பவும் நீயே வச்சுக்க! எனக்கு வேண்டவே வேண்டாம் கோமதி, வந்திரு!"

கோமதி சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் தன் காலைப் பார்த்தாள். மடுவில் பேச்சு நின்றது. அப்பா தூண்டிலைக் கீழே போட்டுவிட்டு ஓடிவரும் சத்தம் கேட்டது.

அதற்குள் பாறையின் விளிம்பு முழுகிவிட்டது. கோமதி முழங்கால் நனைய நடந்து போன இடத்தில் இப்போது மார்பளவுக்கு நீர், அதுவும் ஆளைத் தள்ளும் வேகம். அவள் ஒரு காலை வைத்துப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினாள். "மாமா, இழுக்கு!" என்றாள். அவள் குரலில் பயத்தை அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன். டிராமுக்குப் பயந்ததுகூட இப்படி இல்லை.

அப்பா கயிற்றை வீசினார். எட்டவில்லை, நீர் அடித்துக்கொண்டு போய்விட்டது. மறுபடியும் வீசினார், எட்டவில்லை. "மேல போங்க அண்ணாச்சி! மேலருந்து வுட்டா தண்ணியே கொண்டுபோயிக் குடுக்கும்!" என்று ஹமீது மாமா கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு மேல்பக்கம் ஓடினார். நுனியில் ஒரு கட்டையைக் கட்டி விட்டார். அது சுழன்று சுழன்று போய்ப் பாறையில் தட்டியது. கோமதி பாய்ந்து பிடித்தாள்.

"ட்யூப்ல கட்டு! ட்யூபுக்குள்ள பூந்துக்க!" என்று ஹமீது மாமா கத்தினார்.

கட்டினாள். நுழைந்தாள். கண்ணை மூடிக்கொண்டு குதித்தாள். நாங்கள் மூன்று பேரும் ஒரு நாவல் மரத்தில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு பிடித்தோம். ஆறு அவளைக் கீழே இழுக்க, கயிறு விடாமல் பிடிக்க, அவள் வளைந்து கரைப்பக்கம் வந்து மோதினாள். மோதிய இடத்தில் கல்முனை குத்தி, ட்யூப் ஒரு பெருமூச்சு விட்டுச் செத்தது. அப்பா இடுப்பளவு நீரில் இறங்கி அவள் பின்னலைப் பிடித்து மேலே இழுத்தார். என் உள்ளங்கைகள் இரண்டிலும் தோல் போயிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். தட்டைப் பாறை இருந்த இடத்தில் பாறை இல்லை.

மேட்டில் ஏறி உட்கார்ந்தோம். யாரும் புளிச்சோற்றைத் தொடவில்லை. கோமதியின் பற்கள் குளிரில் அடித்துக்கொண்டன. அப்பா தன் சட்டையைக் கழற்றி அவளுக்குப் போர்த்தினார்.

"ஞாயித்துக்கெழம எப்படி வே தண்ணி விடுவான்?" என்றார் அப்பா.

ஹமீது மாமா ஈரக் கயிற்றைச் சுருட்டினார். பிறகு, "அண்ணாச்சி, காலைல சங்கு கேட்டுச்சோ?" என்றார்.

"கேட்டுதே. அத வச்சுத்தான வாட்சத் திருப்…"

அப்பா என் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். ஆலைக்கு ஓய்வு நாள் என்றால் சங்கு ஏன் ஊத வேண்டும்?

"ஹோலிக்கு மறுநாளும் ஆலைக்கு லீவுன்னு எங்க சந்துல ஆளுக ஊரச் சுத்திக்கிட்டிருந்தானுவ" என்றார் ஹமீது மாமா மெதுவாக. "அதுக்குப் பதிலாத்தான் இன்னைக்கு ஓட்டுதான்."

தினமும் கேட்கிற சத்தம். ஞாயிற்றுக்கிழமையும் கேட்டது, எங்களுக்கு வித்தியாசமாகவே படவில்லை. போகாதீர்கள் என்று ஊதிய சங்கைக் கொண்டே கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டு கிளம்பியிருக்கிறோம். கடிகாரம் மட்டும் அன்று மிகச் சரியாக ஓடியது. ஐந்து மணிச் சங்கு ஆள்களை எழுப்ப ஊதுவது; ஆலைகள் ஏழரைக்கு ஓடத் தொடங்கியிருக்கும். பவர் ஹவுஸிலிருந்து அந்த இடத்துக்கு நீர் வந்துசேர இரண்டு மணி நேரம். ஒன்பதரை. கணக்குச் சரியாக வருகிறது.

திரும்பும் ரயிலில் கோமதி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கல்யாண் தாண்டியதும் கேட்டாள்.

"ஏட்டி, ட்யூபு வேண்டாம்னியே, நெசமாவா? இல்ல என்னயக் கரைக்குக் கொண்டாரவா?"

"வேணும்" என்றேன். "ரொம்ப வேணும். அப்பவும் வேணும்னுதான் இருந்துச்சு."

"எனக்குத் தெரியும்" என்றாள். "அதான் பயந்துட்டேன்."

அவளுக்கு ஒன்றும் ஆகாததில் எனக்குச் சந்தோஷம் இல்லையென்று யாரும் நினைக்க வேண்டாம். அன்று ராத்திரி அவள் தூங்கிய பிறகு, மூச்சு வருகிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். ஆனால் திங்கட்கிழமை பள்ளிக்குப் போனதும் என்ன நடந்தது என்பது உங்களுக்கே தெரியும். நீங்கள்தானே அவளைச் சுற்றி நின்றீர்கள்? ஆறு ஏறியதையும் கயிற்றில் வளைந்து வந்ததையும் இடைவேளை முடியும்வரை சொன்னாள். நன்றாகவே சொன்னாள். நடுவில் ஒருத்தி என்னிடம், "அப்ப நீ எங்க இருந்தே?" என்று கேட்டாள். கரையில் இருந்தேன் என்றேன். அவள் மறுபடியும் கோமதியின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போகிறவர்களுக்கு இனி சொல்ல வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை என்பதை மட்டும் நம்பாதீர்கள். அதற்கு முந்தைய வாரம் முழுவதும் ஏதாவது பண்டிகைக்கு ஆலைகள் கூடுதலாக லீவு விட்டனவா என்று விசாரியுங்கள். விட்டிருந்தால் அந்த ஞாயிறு ஆற்றுக்கு வேலை நாள். கிளம்பும் காலையில் சங்கு கேட்டால் வீட்டுக்குத் திரும்பி, புளிச்சோற்றை வீட்டிலேயே சாப்பிடுங்கள். ஆற்றங்கரையில் பொருள்களைப் பச்சைக் கோட்டுக்கு மேலேதான் வைக்க வேண்டும், ஆள்களும் அப்படியே. நடு ஆற்றுப் பாறை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதில் ஏறி உட்காராதீர்கள். நீர் தெளிவாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். சருகும் நுரையும் கூட்டமாக வந்தாலே கரையேறிவிடுங்கள். கரையோரம் ஒரு குச்சியை நட்டு, அதில் நீர் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது நல்லது. நீச்சல் தெரிந்தவர்களுக்கும் கயிறு கட்டுங்கள். அவர்களுக்குத்தான் முக்கியமாகக் கட்ட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவரைக் கரையில் உட்கார வையுங்கள். அவருக்கு நீந்தத் தெரியாவிட்டால் பரவாயில்லை. நீரில் இறங்க உயிரை விடும் அளவுக்கு ஆசை இருந்து, இறங்கக் கூடாது என்று நிறுத்தி வைக்கப்பட்டவராக இருந்தால் மிக நல்லது. மற்றவர்களைப் போல் அவர் மரத்தையும் மலையையும் வேடிக்கை பார்க்க மாட்டார். நீரில் இருப்பவர் மேலிருந்து கண்ணை எடுக்கவே மாட்டார்.

ஹமீது மாமா புது ட்யூப் தேடிக்கொண்டிருக்கிறார். அது கிடைத்ததும் கரையில் கோமதி உட்காரட்டும்.